நொட்டேஷன் (இசையை எழுதும் குறியீடு) தெரியாதவர்கள் கேட்கத் தொடங்க, இன்றைய மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர் ஒருவரைச் சொல்ல முடியுமா? அவர் எப்படிப்பட்டவர்?

ஆர்வோ பேர்ட். எஸ்தோனியாக்காரர், 2025 செப்டம்பரில் 90 வயது ஆனது.

எனக்கும் நொட்டேஷன் படிக்க வராது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தாத்தா விட்டுப்போன ஆர்மோனியத்தில் சங்கீதத்தின் ஆரம்பப் பாடங்களான சரளி வரிசை, கொஞ்சம் அலங்காரம், அவ்வளவுதான் என் சங்கீதம். உப்புக்காற்றோ என்னவோ, அந்தப் பெட்டியில் நடு ஸ்தாயியில் நாலு ரீட் ஊமை. அதனாலேயே இவர் சின்ன வயதில் வாசித்த பியானோவின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது: நடுக்கட்டைகள் எல்லாம் கெட்டுப்போய், மேலேயும் கீழேயும் மட்டும்தான் ஒழுங்காகப் பேசுமாம், பையன் அந்த இரண்டு ஓரங்களை வைத்துக்கொண்டே ஏதேதோ வாசித்துப் பார்த்திருக்கிறான். பிற்காலத்தில் எழுதியதிலும் அடியில் ஒரு ஆழ்ந்த ஒலி, உச்சியில் மணி மாதிரி சில சுரங்கள், நடுவில் வெட்டவெளி. காரணம் அந்தப் பியானோதான் என்பது என் ஊகம், சண்டைக்கு வராதீர்கள்.

1958 முதல் 1967 வரை எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவாளர் வேலை. நம் ஊரில் இசையமைப்பாளர் என்றாலே சினிமாதான், அவரும் வயிற்றுப்பாட்டுக்கு நிறையப் படங்களுக்கு இசையமைத்தவர். அப்புறம் 1968-இல் 'கிரேடோ' என்ற பாடல் படைப்பு. சோவியத் ஆட்சியில் உட்கார்ந்துகொண்டு 'இயேசு கிறிஸ்துவை நம்புகிறேன்' என்று லத்தீனில் மேடையில் பாட வைத்தால் விடுவார்களா? அதை மறுபடி நிகழ்த்தத் தடை.

அதற்குப் பின் வந்த எட்டு வருடம்தான் எனக்கு அவர் வாழ்க்கையிலேயே முக்கியமான பகுதி. 1971-இல் மூன்றாவது சிம்பொனி, வயிற்றுக்குப் பட இசை, இவற்றை விட்டால் பெரிதாக எதுவும் வெளியே வரவில்லை. பழைய தேவாலயப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு, நோட்டுப்புத்தகம் நோட்டுப்புத்தகமாக ஒற்றை வரி மெட்டுகளை மட்டும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார், பேர் வாங்கிய ஒரு ஆள் திரும்ப சரளி வரிசைக்கு உட்கார்ந்த மாதிரி.

1976-இல் அதிலிருந்து வந்தது 'அலீனாவுக்காக', இரண்டே பக்கப் பியானோ உருப்படி. அதில் அவர் கண்டுபிடித்த முறைக்கு டின்டினாபுலி என்று பெயர், சின்ன மணியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் கணக்கில் சொன்னால் இப்படி: ஒரு கை படிப்படியாக ஏறி இறங்கி மெட்டு வாசிக்கும், இன்னொரு கை அந்த ஒவ்வொரு சுரத்துக்கும் ச, க, ப மூன்றில் ஒன்றை மட்டும் துணைக்கு வைக்கும். வேறு எதையும் தொடாது. தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது.

ஆனால் நீங்கள் தொடங்க வேண்டியது 1977-இல், இறந்துபோன ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் நினைவாக எழுதிய 'கான்டஸ்'. தந்தி வாத்தியங்கள், ஒரே ஒரு மணி. வாசிப்பது வெறும் அவரோகணம், அதாவது மேலிருந்து கீழே இறங்கும் சுர வரிசை, நம் நடபைரவி ராகத்துடையதேதான். முதல் வயலின் இறங்கத் தொடங்கும், அடுத்த குழு அதையே பாதி வேகத்தில், அதற்கடுத்தது அதிலும் பாதி, இப்படி ஐந்து காலம், கடைசியில் டபுள் பாஸ் நகர்கிறதா இல்லையா என்றே தெரியாது. வர்ணத்தை இரண்டு காலத்தில் வாசித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும், என்ன, இங்கே எல்லாக் காலமும் ஒரே நேரத்தில்.

1980-இல் குடும்பத்தோடு நாட்டை விட்டுக் கிளம்பியபோது, பிரெஸ்ட் எல்லை ரயில் நிலையத்தில் பெட்டியைச் சோதித்த காவலர்கள் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டச் சொல்ல, அங்கே ஒலித்ததும் இந்த கான்டஸ்தானாம், கேட்டபின் தங்களிடம் அன்பாக நடந்துகொண்டார்கள் என்று அவர் மனைவி நோரா சொல்லியிருக்கிறார். அப்புறம் வியன்னா, பெர்லின், முப்பது வருடம் கழித்துத் திரும்ப எஸ்தோனியா.

இப்போது நான் புதுச்சேரியில் இருக்கிறேன், மிஷன் வீதிப் பக்கம். சம்பா கோவில் மணி அடித்து ஓய்ந்த பிறகும் காதில் கொஞ்ச நேரம் நிற்குமே, அந்த ரீங்காரத்தைத்தான் கான்டஸின் முடிவில் வைத்திருக்கிறார். எல்லா வாத்தியமும் ஒரே ஒலியில் வந்து நிற்கும்போது, நமக்குக் கேட்காதபடி மணியை மெல்லத் தட்டிவிடுவார்கள், தந்திகள் நின்றதும் அது மட்டும் வெளியே வரும். முதல் தடவை நான் முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்ததற்குத் தாவிவிட்டேன். ஆறேழு நிமிடம்தான், ஹெட்போனில் கேளுங்கள், வயலின் நின்றதும் அடுத்ததைத் தட்டக் கையை நீட்டாதீர்கள்.