விலை உயர்ந்த மூத்த பிட்சரை விட்டுக்கொடுக்கலாமா? வெர்லாண்டரை முன்வைத்துச் சில பதில்கள்

பேஸ்பாலில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி 2017 ஆகஸ்ட் 31 இரவு தன் முதன்மை பிட்சர் (பந்து வீசுபவர்) ஜஸ்டின் வெர்லாண்டரை, மூன்று இளைஞர்களுக்குப் பதிலாக ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணிக்குக் கொடுத்தது. "கொடுத்தது சரி, கொடுத்த நேரம் தவறு" என்று நான் சொன்னதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாக டெட்ராய்ட் அருகில் வசிக்கிறேன். இந்த அணி தோற்றால் அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்தப் பற்றோடுதான் பதில் சொல்கிறேன்.

தோற்றுக்கொண்டிருக்கும் அணி, இருப்பதிலேயே நல்ல பிட்சரையும் கொடுத்துவிட்டால் இன்னும் தோற்காதா அண்ணா? (மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

தோற்கும், தம்பி. ஆனால் எவ்வளவு கூடுதலாகத் தோற்கும் என்று பாருங்கள். தொடக்க பிட்சர் ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் வீசுவார். ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள் என்றால் அவர் இறங்குவது முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. மற்ற நாட்களில் அவரும் நம்மைப் போல உட்கார்ந்து பார்ப்பவர்தான். 2017இல் டெட்ராய்ட் 98 ஆட்டங்களில் தோற்றது. அவரைக் கடைசிவரை வைத்திருந்தால் 95 அல்லது 96 ஆகியிருக்கலாம். அந்த இரண்டு மூன்று வெற்றிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஹூஸ்டனின் நிலை வேறு. ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருந்த அணி. பட்டத்துக்கான அக்டோபர் பிளே-ஆஃப் ஆட்டங்களில் இடையிடையே ஓய்வு நாள் வருவதால் மூன்று நான்கு பிட்சர்களை வைத்தே ஒப்பேற்றிவிடலாம். அங்கே ஒரு பெரிய பிட்சரின் மதிப்பு பல மடங்காகிவிடும். செப்டம்பரில் ஹூஸ்டனுக்கு அவர் ஐந்து ஆட்டங்களில் இறங்கி ஐந்தையும் ஜெயித்துக் கொடுத்தார். அக்டோபரில் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் 124 பந்துகள், 13 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை ஆடுகளத்துக்குள் அடிக்கவிடாமலே மட்டையாளரை அவுட் ஆக்குவது), ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் அவரே. அந்த ஆண்டு ஹூஸ்டன் முதன்முறையாக, இறுதிப் பட்டத் தொடரான வேர்ல்டு சீரிஸை வென்றது.

ஒரே மனிதருக்கு இரண்டு ஊர்களில் இரண்டு விலை. அந்த இடைவெளியில்தான் வியாபாரம் நடக்கிறது.

சம்பளம் யார் கொடுப்பது? வாங்கும் அணியா, விற்கும் அணியா?

பேரம் பேசுவதைப் பொறுத்தது. பல பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

2013 மார்ச்சில் வெர்லாண்டருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 18 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். 2017இல் அவருக்கு 34 வயது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் 5.6 கோடி டாலர் பாக்கி இருந்தது. அதில் 1.6 கோடியைத் தானே தருவதாக டெட்ராய்ட் ஒப்புக்கொண்டது. போகிறவருக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று அப்போது என் நண்பர்கள் கொதித்தார்கள். கொடுக்காவிட்டால் பதிலுக்கு வரும் இளைஞர்களின் தரம் குறையும். சம்பளத்தில் ஒரு பங்கை ஏற்பது, அந்தப் பணத்தால் நல்ல இளைஞர்களை வாங்குவதற்குச் சமம்.

இதைத் துணிந்து செய்தது 2023இல் நியூயார்க் மெட்ஸ். அதே வெர்லாண்டரும் மேக்ஸ் ஷெர்சரும் அந்த அணியில் ஆளுக்கு ஆண்டுக்கு 4.33 கோடி டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அணி சரிந்தது. சில நாள் இடைவெளியில் இருவரையும் கொடுத்துவிட்டார்கள். ஷெர்சருக்காக மட்டும் சுமார் 3.5 கோடி டாலரைச் சேர்த்துக் கொடுத்து, டெக்சாஸிடமிருந்து லூயிஸாங்கெல் அகுன்யா என்ற இளைஞரைப் பெற்றார்கள். மறு ஆண்டே மெட்ஸ், வேர்ல்டு சீரிஸுக்கு முந்தைய நேஷனல் லீக் இறுதித் தொடர்வரை வந்தது. ஷெர்சரை வாங்கிய டெக்சாஸ் 2023 வேர்ல்டு சீரிஸை வென்றது. இரண்டு வீட்டிலும் விளக்கெரிந்த வியாபாரம் அது.

ஐபிஎல்லில் வீரர் சம்மதிக்காமல் அணி மாற்ற முடியாது. அங்கே எப்படி?

அங்கே பெரும்பாலான வீரர்களைக் கேட்கவே மாட்டார்கள். காலையில் ஓர் ஊர், மாலையில் வேறு ஊர். ஆனால் பத்து ஆண்டுகள் ஆடி, அதில் கடைசி ஐந்து ஆண்டுகளை ஒரே அணியில் கழித்தவருக்கு மறுக்கும் உரிமை உண்டு. வெர்லாண்டருக்கு அது இருந்தது. அன்றிரவு அவர் ஒப்புக்கொண்டபோது நள்ளிரவுக்குச் சில நொடிகளே மிச்சம். பன்னிரண்டு அடித்திருந்தால் ஹூஸ்டனுக்காக அக்டோபரில் ஆடும் தகுதியே போயிருக்கும். ஆகஸ்ட் மாதத்திலும் வீரர்களை மாற்றிக்கொள்ள வழிவிட்ட அந்தப் பழைய முறையை 2019 முதல் எடுத்துவிட்டார்கள்.

பதிலுக்கு வந்த மூவர் என்ன ஆனார்கள்? டெட்ராய்ட் ஏமாந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

பிராங்க்ளின் பெரெஸ், டேஸ் கேமரன், ஜேக் ரோஜர்ஸ். மூவரில் பெரிதாக நம்பப்பட்டவர் பிட்சர் பெரெஸ். காயத்துக்கு மேல் காயம். டெட்ராய்டுக்காக மேஜர் லீக் எனும் முதல்தரப் போட்டியில் ஒரு பந்துகூட வீசாமல் போனார். கேமரன் சில காலம் ஆடிவிட்டு வேறு அணிக்குப் போனார். தேறியவர் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) ரோஜர்ஸ் ஒருவர்தான். 2023இல் 21 ஹோம் ரன் (நம் சிக்சர் மாதிரி) அடித்தார்.

வெர்லாண்டரோ ஹூஸ்டனில் 2019, 2022 என சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கினார். தராசில் வைத்தால் நமக்கு நட்டம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் கிடைத்தது குறைவு என்பதால் கொடுத்ததே தவறு என்று ஆகிவிடாது. அவர் இங்கேயே இருந்திருந்தால் 2019இல் 114 ஆட்டங்களில் தோற்ற அணியில் வீசியிருப்பார். அந்த விருதுகள் இங்கே கிடைத்திருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம். ஹூஸ்டனில் அதிவேகக் காமிராக்களை வைத்து, விரலிலிருந்து பந்து விலகும் விதத்தைக் காட்டி, பக்கவாட்டில் விலகும் அவருடைய ஸ்லைடர் பந்தைச் சீர்செய்தார்கள். அந்தத் துறையில் அப்போது நாங்கள் மிகவும் பின்தங்கியிருந்தோம்.

அப்படியானால் எப்போது கொடுத்திருக்க வேண்டும்?

2016 முடிந்த கையோடு. அந்த ஆண்டு அவர் 254 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், சை யங் வாக்கெடுப்பில் இரண்டாமிடம். ஒப்பந்தத்தில் மூன்று முழு ஆண்டுகள் மீதி. கேட்கும் அணிகள் வரிசையில் நின்றிருக்கும். ஆனால் டெட்ராய்ட் 86 ஆட்டங்களை வென்று, பிளே-ஆஃப் வாய்ப்பை இரண்டரை ஆட்ட வித்தியாசத்தில்தான் இழந்திருந்தது. இன்னொரு முறை முயன்று பார்ப்போம் என்ற ஆசை.

அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு முதியவர் இருந்தார். உரிமையாளர் மைக் இலிச். டெட்ராய்டில் பிறந்தவர், டைகர்ஸின் மைனர் லீக் (கீழ்நிலை) அணிகளில் ஆடியவர், பிறகு பீட்சா விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். ஒரே ஒரு வேர்ல்டு சீரிஸ் வேண்டும் என்று வாரி இறைத்தார். 2017 பிப்ரவரியில், 87 வயதில், அது கிடைக்காமலே இறந்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. ஆனாலும் அணிக்கு வயதாகிவிட்டதை யாராவது ஒருவர் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். 2017 ஜூலையில் விற்பனைக்கு வந்தபோது வெர்லாண்டர் எதிரணிக்கு விட்டுக்கொடுத்த ரன்களின் சராசரி ஒன்பது இன்னிங்ஸுக்கு 4 ரன்னைத் தாண்டிக்கொண்டிருந்தது. சந்தைக்குப் போகும் நாளில் மாடு நொண்டினால் எவன் நல்ல விலை கேட்பான்?

பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன் சார். மூத்த பிட்சரிடம் இன்னும் சரக்கு இருக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நல்ல கேள்வி. வேகமானியைப் பார்க்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், பாருங்கள். ஆனால் முதல் இன்னிங்ஸில் பார்க்காதீர்கள், ஏழாவதில் பாருங்கள். நல்ல நாட்களில் வெர்லாண்டர் மணிக்கு 93 மைலில் தொடங்குவார். எட்டாவது இன்னிங்ஸில், நூறு பந்து வீசிய கை, 99, 100 என்று ஏறும். கேட்சருக்குப் பின்வரிசையில் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கையுறையில் "டப்" என்று விழுந்த பந்து, கடைசியில் பலகை பிளக்கிற மாதிரி "டமார்" என்றது. பக்கத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்த பெரியவர் உடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

அடுத்து, கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வலக்கை மட்டையாளர் அடித்தது வலப்பக்க இருக்கைகளுக்குப் போனால் அவர் மட்டை தாமதம், பிட்சர் இன்னும் முந்துகிறார். அதே பந்து இடப்பக்கம் இழுபட்டுப் போகத் தொடங்கினால் மட்டையாளர் அவரைப் பிடித்துவிட்டார் என்று பொருள். ஏட்டுக் கணக்கில் அது ஏறும் முன்பே இங்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, சரிவுக்குக் காரணம் எது என்று கேளுங்கள். 2014இல் வெர்லாண்டரின் சராசரி 4.54. முடிந்தது கதை என்றார்கள். அந்த ஜனவரியில் அவருக்கு அடிவயிற்றுத் தசையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. கையில் குறையில்லை, உடம்பு தேறவில்லை, அவ்வளவுதான். தேறியதும் மீண்டும் எழுந்தார். தோள்பட்டை தேய்ந்தவரின் சரிவை இதோடு சேர்க்காதீர்கள்.

வாங்கும் பக்கம் ஆபத்தே இல்லையா?

டெட்ராய்ட்காரனிடம் இதைக் கேட்கலாமா! 1987 ஆகஸ்டில் பட்டத்துக்குப் போராடிய டைகர்ஸ், 36 வயது பிட்சர் டாயில் அலெக்சாண்டரை அட்லாண்டாவிடமிருந்து வாங்கியது. அவர் 9 வெற்றி, தோல்வியே இல்லை. பிரிவில் முதலிடம் வந்தோம். அடுத்த சுற்றிலேயே மினசோட்டாவிடம் தோற்றோம். அலெக்சாண்டருக்காகக் கொடுத்தது மைனர் லீக்கில் தடுமாறிக்கொண்டிருந்த 20 வயதுப் பையன், மிச்சிகன் மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவன். பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். அட்லாண்டாவுக்காக 200க்கு மேல் வெற்றிகள், 2015இல் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம்.

கொடுக்காமலே கடைசிவரை வைத்துக்கொண்ட அணி உண்டா?

சியாட்டில். பிட்சர் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ். வெர்லாண்டர் ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம் முன்புதான் ஏழு ஆண்டுகளுக்கு 17.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். அதை அறிவித்த மேடையில் கண்ணீர் விட்டார். 2005 முதல் 2019 வரை பதினைந்து ஆண்டுகள் ஒரே அணி, ஒரு பிளே-ஆஃப் ஆட்டம்கூட இல்லை. கடைசி ஆண்டில் சராசரி 6.40. ஆனால் அவருடைய இறுதி ஆட்டத்தன்று மஞ்சள் சட்டை போட்ட கூட்டம் அரங்கில் எழுந்து நின்று அழுததே, அதற்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வரி இல்லை. அங்கே நான் இருந்திருந்தால் நானும் அழுதிருப்பேன். ஆனாலும் சொல்கிறேன், 2014, 2015 வாக்கில் அவருக்கு வேறு ஊரில் ஓர் அக்டோபரைக் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் அன்புதான்.

என் பெண்ணுக்கு ஒன்பது வயது. அவளுக்குப் பிடித்த வீரரைக் கொடுத்துவிட்டார்கள், இரண்டு நாளாகப் பேசவே இல்லை. என்ன சொல்லித் தேற்றுவது? (நோவை நகரிலிருந்து ஒரு தாய்)

ஒன்றும் சொல்லாதீர்கள், அம்மா. கணக்கை விளக்கவே விளக்காதீர்கள். 2017 செப்டம்பர் முதல் தேதி காலையில் நான் அந்தத் தவறைச் செய்தேன். வெர்லாண்டரின் 35ஆம் எண் சட்டையை மடித்து அலமாரியின் அடியில் வைத்துவிட்டு என் மகள் பள்ளிக்குப் போனாள். நான் பின்னாலேயே போய்ச் சம்பளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

2018 செப்டம்பரில் அவர் ஹூஸ்டன் சட்டையோடு டைகர்ஸின் அரங்கமான கோமெரிகா பார்க்குக்கு வந்தார். டிக்கெட் எடுத்து மகளை அழைத்துப்போனேன். பெரிய திரையில் அவருடைய பழைய ஆட்டங்களைக் காட்டியபோது அரங்கமே எழுந்து நின்றது. அவர் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். மகள் அந்தப் பழைய சட்டையைத்தான் போட்டிருந்தாள், தோளில் கொஞ்சம் பிடித்தது. நம் மட்டையாளர்கள் ஒவ்வொருவராக அவுட் ஆனபோதெல்லாம் கைதட்டினாள். நாம் தோற்றோம். வீடு வரும்வரை அவருடைய ஸ்ட்ரைக் அவுட்டுகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.