பழைய ஹாலான் சிலிண்டரை என்ன செய்வது?

கேள்வி: பழைய அலுவலகக் கட்டடத்தைக் காலி செய்கிறோம். கம்ப்யூட்டர் அறையில் ‘ஹாலான் 1301’ என்று எழுதிய தீயணைப்பு வாயு சிலிண்டர்கள் இருக்கின்றன. வால்வைத் திறந்து காலி செய்து கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வேன் என்கிறார் காயலான் கடைக்காரர். செய்யலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். வால்வில் கைவைக்கவே விடாதீர்கள். உள்ளே நைட்ரஜன் அழுத்தமும் சேர்ந்திருக்கிறது; கட்டி நிறுத்தாத சிலிண்டரின் வால்வு திறந்துகொண்டால் சுவரை உடைத்துக்கொண்டு பாயும்.

அது உங்கள் பாதுகாப்புக்கு. எனக்கு அதைவிடக் கவலை, வெளியேறும் வாயு போய்ச் சேரும் இடம். ஹாலானிலுள்ள புரோமின்தான் தீயின் சங்கிலி வினையை அறுக்கிறது. அதே புரோமின் மேலே போனால் ஓசோனை அழிக்கிறது. பழைய ஃப்ரிட்ஜ்களில் இருந்த சிஎஃப்சி-12 என்ற வாயுவின் ஓசோன் அழிக்கும் திறனை 1 என்று வைத்தால், ஹாலான் 1301க்கு, ஓசோனைக் காக்க நாடுகள் செய்துகொண்ட மான்ட்ரியல் ஒப்பந்தம் தரும் மதிப்பு 10. ஐம்பது கிலோ சிலிண்டர் ஒன்றைத் திறந்துவிட்டால் அரை டன் சிஎஃப்சியைத் திறந்துவிட்ட மாதிரி. ஆயிரக்கணக்கான ஃப்ரிட்ஜ்களின் வாயு அது!

தீப்பாதுகாப்புத் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்தில் புது அறையை ஒப்படைக்கும்போது, காற்றில் ஐந்து சதவீதம் நிற்கிறதா என்று பார்க்க மொத்த ஹாலானையும் பீய்ச்சிக் காட்டுவார்கள். தீயை அணைக்கச் செலவானதைவிடச் சோதனையிலும் பயிற்சியிலும் கசிவிலும் வீணாய்ப் போனதுதான் அதிகம். பிறகு, கதவில் விசிறியைப் பொருத்தி அறையின் கசிவை அளந்தாலே போதும் என்றானது. அந்த மாற்றம் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

தீயணைப்புக்கான ஹாலான் உற்பத்தி வளர்ந்த நாடுகளில் 1994இலும் நம்மைப் போன்ற நாடுகளில் 2010இலும் நின்றுவிட்டது. ஆனால் விமானத்தின் சரக்கு அறைகளுக்கு அது இன்னும் தேவைப்படுகிறது. பழைய சிலிண்டர்களிலிருந்து உறிஞ்சிச் சுத்திகரித்துத்தான் அந்தத் தேவையைச் சமாளிக்க வேண்டும். இதற்காகவே டில்லியில், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் தீப் பாதுகாப்பு மையத்தில் ஹாலான் வங்கி அமைக்கப்பட்டது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். அதுவரை தீப்பாதுகாப்பு நிறுவனத்தின் ஆட்களைக் கொண்டு இணைப்பைக் கழற்றி, வால்வு வாய்க்கு மூடி போட்டு, நிற்க வைத்துச் சங்கிலியால் கட்டிவையுங்கள்.

கேள்வி: புதுக் கட்டடத்தின் சர்வர் அறைக்கு எஃப்எம்-200 என்ற தீயணைப்பு வாயு போடச் சொல்கிறார்கள். அது ஓசோனைக் கெடுக்குமா? – வாசகி, ஓசூர்

பதில்: ஓசோனைக் கெடுக்காது. ஆனால் அது, சிஎஃப்சிக்கு மாற்றாக வந்த எச்எஃப்சி வகை வாயு. கார்பன் டை ஆக்சைடைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் 2016இல் செய்த கிகாலி திருத்தத்தின்படி எச்எஃப்சிகளையும் குறைத்துக்கொண்டே வரவேண்டும், இந்தியாவும் ஏற்றிருக்கிறது. இடம் இருந்தால் நைட்ரஜன், ஆர்கான் கலந்த மந்த வாயு அமைப்பையே கேளுங்கள். சிலிண்டர்கள் கூடுதலாக வேண்டும், சுவரில் அழுத்தம் வெளியேறத் திறப்பு வைக்க வேண்டும். இப்போதே கட்டட வரைபடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.