கிளியர்வாட்டரில் வீடு எடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு அமெரிக்காவின் டாம்பாவுக்கு வேலை மாற்றம். பக்கத்தில் கிளியர்வாட்டர் டவுன்டவுனில் ஒரு அபார்ட்மென்ட் பிடித்திருக்கிறது. "அந்த ஊரே சயின்டாலஜி சர்ச் கையில் இருக்கிறது, போகாதே" என்கிறார்கள் உறவினர்கள். பத்து வயதில் மகள் இருக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், வீட்டுக்காரர் யார் என்று பார்த்துவிடுங்கள்.

சயின்டாலஜி என்பது எல். ரான் ஹப்பார்ட் என்ற அமெரிக்க எழுத்தாளர் தொடங்கிய மத அமைப்பு. ஊரே அவர்கள் கையில் என்பது மிகை. ஒரு லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் ஊர் அது. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு அன்றாடம் இது ஒரு பொருட்டே இல்லை. டவுன்டவுன் கதைதான் வேறு. 2013இல் திறந்த, சர்ச்சின் பிரதான கட்டடமான ஃபிளாக் கட்டடம் ஒரு முழு பிளாக்கை அடைத்து நிற்கிறது. சாலைக்கு மேலே போகும் பாலம் ஒன்று அதை எதிரிலிருக்கும் ஃபோர்ட் ஹாரிசன் ஹோட்டலோடு இணைக்கிறது. சீருடை போட்ட சர்ச் ஊழியர்களைத் தெருவில் பார்ப்பீர்கள்.

ஊர்க்காரர்களின் சந்தேகம் அந்த ஹோட்டலில்தான் தொடங்கியது. 1975இல் அதை வாங்கியவர்கள் சொன்ன பெயர் 'யுனைடெட் சர்ச்சஸ் ஆஃப் ஃபுளோரிடா'. உண்மையில் வந்திருப்பது சயின்டாலஜி என்று சில வாரங்கள் கழித்துத்தான் தெரிந்தது. கேள்வி கேட்ட மேயர் கேப்ரியல் கசாரஸின் பெயரைக் கெடுக்கத் தீட்டிய திட்டங்கள், 1977இல் எஃப்.பி.ஐ. கைப்பற்றிய சர்ச் ஆவணங்களில் இருந்தன. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தக் காயம் ஆறவில்லை. ஆறாததில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் நிலம். சர்ச்சோடு தொடர்புள்ள நிறுவனங்கள் 2017 தொடங்கி மூன்றே ஆண்டுகளில் டவுன்டவுன் பகுதியில் சுமார் 100 சொத்துகளை வாங்கியதை 'டாம்பா பே டைம்ஸ்' நாளிதழ் 2019இல் வெளிக்கொண்டு வந்தது. பல சொத்துகள் வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் இருந்தன. அதனால்தான் பெயரைப் பாருங்கள் என்கிறேன். பினெல்லாஸ் மாவட்டச் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்தின் தளத்தில் முகவரியைப் போட்டால் உரிமையாளர் பெயர் வரும். அது கம்பெனியாக இருந்தால், ஃபுளோரிடா மாநிலத்தின் 'சன்பிஸ்' தளத்தில் அதன் நிர்வாகிகள் பெயர் கிடைக்கும். இரண்டுமே இலவசம்.

மகளை அரசுப் பள்ளியில் சேர்த்தால் கவலையில்லை. தனியார் பள்ளி என்றால், ஹப்பார்ட் வகுத்த 'ஸ்டடி டெக்னாலஜி' என்ற கற்றல் முறையில் பாடம் நடத்துகிறார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். சில பள்ளிகள் அப்படி நடத்துகின்றன. கேட்பதில் தவறே இல்லை.

நீங்களும் அங்கே வேலை தேடினால், சில சிறு நிறுவனங்களில் ஹப்பார்டின் நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்பலாம். மத போதனையில் கலந்துகொள்ளும்படி ஊழியரை முதலாளி கட்டாயப்படுத்த 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம் இடம் தராது; ஆனால் 15 பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தும். "வேண்டாம்" என்று எழுத்தில் சொல்லி, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் சர்ச்சைச் சேர்ந்தவர்கள் இலவச ஆளுமைச் சோதனைக்கு அழைத்தால், தொலைபேசி எண் கொடுக்காமல் நகர்ந்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எதிர்வீட்டுக்காரர் சயின்டாலஜி உறுப்பினராக இருந்தால் அவர் உங்கள் எதிரி இல்லை. அவர் குழந்தையின் பிறந்தநாளுக்கு மகளை அனுப்பத் தயங்காதீர்கள்.

முன்பணம் கட்டும் முன், வார நாள் மாலை ஒன்றில் கோச்மன் பூங்காவிலிருந்து கிளீவ்லாண்ட் தெரு வழியாக மகளோடு நடந்து பாருங்கள். எத்தனை கடைகள் திறந்திருக்கின்றன, இருட்டிய பிறகு எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்று கவனியுங்கள். அங்கே உங்களுக்கு மனம் ஒட்டினால் வீட்டை எடுங்கள்.