அரைக் கொன்டெய்னர் காரி இறக்கலாமா?

தம்பி, லண்டனுக்குப் படிக்க வந்து எட்டு மாதம், கூட வேலை செய்யும் நைஜீரிய நண்பருக்கு ஊரில் காரி என்கிற வறுத்த மரவள்ளித் துருவலும் பாம் ஓயிலும் அனுப்ப ஆள் இருக்கிறது, சேர்ந்து அரைக் கொன்டெய்னர் இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் விசா. மாணவர் விசாவில் சொந்தத் தொழில் செய்யக் கூடாது. நண்பரின் பெயரில் கம்பனியைப் பதிந்துவிட்டு நீங்கள் பின்னால் நின்று நடத்தலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். படிப்பை முடித்து கிராஜுவேட் விசாவுக்கு மாறினால் செய்யலாம். அதுவரை சாமானைப் படியுங்கள்.

தென் லண்டனில் கடை வைத்து எனக்குப் பத்தொன்பது வருடம். முருங்கைக்காய்க்கு வருகிற எங்கள் சனத்தை நம்பித்தான் திறந்தேன். கடையின் வாடகையைக் கட்டுவது யாம் கிழங்கு வாங்க வருகிற கானாக்காரரும் நைஜீரியரும்தான். யாம் எங்கள் இராசவள்ளிக்கு உறவுதான், ஆனால் உள்ளே வெள்ளை. சனிக்கிழமை வருகிற ஒரு கானா அன்ரி கிழங்கின் தலைப்பக்கத்தைப் பெருவிரலால் அமுக்குவார், நகத்தால் தோலைக் கொஞ்சம் சுரண்டி மணந்து பார்ப்பார். 'போனா' இனம் என்றால் மூன்று எடுப்பார். வேறு இனத்தைப் போனா என்று நான் சொன்ன அன்று ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டுப் போனார், இரண்டு மாதம் ஆளைக் காணவில்லை.

காரியும் அப்படித்தான். மரவள்ளியைத் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து வறுத்தது. நைஜீரியர் பலர் கேட்பது இஜெபு காரி, பொடியாக, நல்ல புளிப்பாக இருக்கும். கொதிநீரில் கிண்டினால் எபா, எங்கள் களி மாதிரி. குளிர்ந்த தண்ணீரில் சீனியும் கச்சானும் போட்டுக் குடித்தால் கானாக்காரருக்கு அது சோக்கிங்ஸ். பாம் ஓயில் சேர்த்து வறுத்த மஞ்சள் காரிக்கு வேறு ஆட்கள். எது யாருக்கு என்று தெரியாமல் அரைக் கொன்டெய்னர் இறக்கினால் அதை நீங்களே குடிக்க வேண்டியதுதான்.

இனிக் கடதாசி. அடி வாங்கிய இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கானா பாம் ஓயிலில் சிவப்பைக் கூட்டச் சிலர் சூடான் சாயம் கலந்தார்கள், அது புற்றுநோய் தரக்கூடியது. அதனால் ஆய்வுகூட அறிக்கையும் சான்றிதழும் இல்லாமல் துறைமுகத்தில் விடமாட்டார்கள். எனக்கு அனுப்பியவர் "பிரச்சினை இல்லை பிரதர், எல்லாம் இருக்கு" என்றார். வந்தது வெறும் இன்வொய்ஸ். ஒரு பலெட் எண்ணெய் துறைமுகத்தில் நின்றது, நாளுக்கு நாள் வாடகை ஏறியது, கடைசியில் அழிக்கிற செலவும் என் தலையில்தான். நைஜீரியக் காய்ந்த பீன்ஸை நினைக்கவே வேண்டாம். வண்டு பிடிக்காமல் அடித்த டைகுளோர்வோஸ் மருந்துக்காக 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது, பிரிட்டன் பிரிந்த பிறகும் அதை வைத்துக்கொண்டது. புகைபோட்ட மீன், பொன்மோ என்கிற மாட்டுத்தோல் எல்லாம் விலங்குப் பொருள் சட்டத்துக்குள் வரும், புதிய ஆளுக்கு வேண்டாத வேலை.

ஒரு நாட்டில் இருந்து மட்டும் வாங்கினால் என்ன ஆகும் என்பதையும் 2015இல்தான் பார்த்தேன். பூச்சி என்று சொல்லி கானாவின் மிளகாய், கத்தரி, பாகல், பீர்க்கு, சுரை ஐந்தையும் ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. 2017 முடியும்வரை அந்தத் தடை. எங்கள் ஆட்களின் கடைகளுக்கென்றே அங்கே விளைவித்தவர்கள் இருந்தார்கள்.

யாம் இறக்குமதியையும் இப்போதைக்கு விடுங்கள். 12 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் உள்ளே கறுத்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. வாழைக்காய் என்று எழுதியிருந்தீர்கள், இங்கே விற்கிற பிளான்டேன் பெரும்பாலும் கொலம்பியா, எக்குவடோரில் இருந்து வருவது. மேற்கு ஆபிரிக்காவில் தேடிப் பிரயோசனமில்லை.

விசா சரியானதும் லேட்டன் பக்கம் நியூ ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் சந்தைக்கு நடுச்சாமத்தில் ஒருமுறை போய் வாருங்கள். இறக்குமதி வேண்டாம், இங்குள்ள மொத்த வியாபாரியிடம் பத்துப் பை காரி வாங்கி விற்றுப் பாருங்கள். உணவுத் தொழில் என்று உள்ளூர் கவுன்சிலில் 28 நாள் முன்பே பதிய வேண்டும், காசில்லை. திரும்ப வந்து கேட்கிற ஆட்கள் சேர்ந்த பிறகு ஈஓஆர்ஐ எண் (இறக்குமதிக்குச் சுங்கத்தில் எடுக்கிற எண்), கொன்டெய்னர் எல்லாம் யோசிக்கலாம். பையில் ஆங்கில லேபலும் உங்கள் முகவரியும் இருக்க வேண்டும், அதாவது யாருக்காவது வயிற்றைப் பிரட்டினால் உங்கள் கதவைத்தான் தட்டுவார்கள்.

அப்புறம், நண்பர் சொன்ன அந்த ஆளிடம் கடைசியாக அனுப்பிய சரக்கின் ஆய்வுகூட அறிக்கையைக் கேளுங்கள். ஒரு கிழமைக்குள் அனுப்பினாரென்றால் அவருடைய நம்பரை எனக்கும் தாருங்கள், நானும் அவரிடமே வாங்குகிறேன்.