சம்பா கோயிலில் ஓர் இடம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் புதுச்சேரி வந்தபோது மிஷன் வீதியில் சம்பா கோயில் என்கிற கத்தோலிக்கத் தேவாலயத்தைப் பார்க்க உள்ளே போனேன். நாங்கள் சிவன் கோயிலுக்குப் போகிற குடும்பம். பூசை தொடங்கிவிட்டதால் திரும்பிப் போகப் பார்த்தேன். ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்து உட்காரவைத்தார். பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்து, வரியை விரலால் தொட்டுக் காட்டினார். ஆனால் நற்கருணைக்கு எல்லோரும் எழுந்தபோது மட்டும் ‘நீ இரும்மா’ என்றார். அவ்வளவு அன்பானவர் அங்கே மட்டும் ஏன் நிறுத்தினார்? உறுத்திக்கொண்டே இருக்கிறது. மாமியாரையும் ஒருநாள் அழைத்து வரலாமா?

வாசகி, நெய்வேலி

அன்புள்ள சகோதரி,

அந்த அம்மா உங்களை ஒதுக்கவில்லை. நற்கருணை அப்பம் கத்தோலிக்கருக்குக் கிறிஸ்துவின் உடலே. கோயில் பிரசாதம்போல வந்தவர்க்கெல்லாம் கொடுப்பதில்லை. ஞானஸ்நானம் பெற்று, புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, எடுத்தவர்கள்தான் வாங்குவார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் புது நன்மைவரை பெஞ்சிலேயேதான் இருந்தார்கள். பாவசங்கீர்த்தனம் செய்யாத, அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறாத, பெரியவர்களும் எழுந்து போகாமல் இருப்பதுண்டு. நீங்கள் வரிசையில் போயிருந்தால், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டி ‘கிறிஸ்துவின் உடல்’ என்று சொல்லியிருப்பார். ‘ஆமென்’ என்று சொல்லிக் கையை நீட்ட வேண்டும் என்று தெரியாமல் நடுவில் திகைத்து நின்றிருப்பீர்கள். அதைத்தான் அவர் தவிர்த்தார்.

என்னை நெகிழவைத்தது வேறு: அவர் நகர்ந்து இடம் கொடுத்தது. அந்த மண்ணில் அது சாதாரணமாக வந்ததல்ல.

நீங்கள் பார்த்த கட்டடம் 1791இல் முடிந்தது. அதற்கு முன் அங்கிருந்த கோயிலை 1761இல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். அந்தப் பழைய கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். அந்நாளில் புதுச்சேரியில் வாழ்ந்த வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை தம் 1745ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இதை எழுதியிருக்கிறார். தெரு கூட்டுகிறவர்களும் சேரிக்காரர்களும் திரண்டு பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் தனி இடம் என்று கேட்டார்கள். சாமியார் சுவரை இடிக்கவைத்தார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போய்ச் சண்டைக்கு வந்தார்கள். சேர்ந்து உட்காரும் உரிமையைக் கேட்டு வாங்கியவர்கள் அந்த ஏழைகள்தான். கிறிஸ்தவர் அல்லாத பிள்ளை அதைப் பதிவு செய்துவைத்தது நம் அதிர்ஷ்டம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கோயிலை ஒட்டி வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748இல், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்தில், அதை இடித்தார்கள். அது அநியாயம்; கத்தோலிக்கனான நான் அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சிவன் கோயிலுக்குப் போகிற குடும்பத்துப் பெண்ணுக்கு, அதே இடத்தில், முன்பின் தெரியாத ஓர் அம்மா பாட்டு வரியைக் காட்டித் தருகிறார் என்றால் எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் சில ஊர்களில் கிறிஸ்தவர்களுக்குச் சாதிவாரியாகக் கல்லறை இன்னும் தனித்தனியாகவே இருக்கிறது. அங்கேயும் ஞாயிறுதோறும் ‘ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லுங்கள்’ என்றதும் எல்லோரும் இருபுறமும் திரும்பிக் கைகூப்புகிறார்கள். கும்பிட்ட கையோடு செத்தவரை மட்டும் பிரித்துப் புதைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் ஆயர்கள் இதில் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

சரி, மாமியார் விஷயம். தாராளமாக அழைத்து வாருங்கள். டிசம்பர் 8 அந்தக் கோயிலுக்குரிய அமலோற்பவ மாதாவின் திருநாள். கூட்டம் நெரியும், வயதானவருக்கு வேண்டாம். சாதாரண ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் முன்னதாகவே வந்து ஓரத்துப் பெஞ்சில் உட்காருங்கள். மற்றவர்கள் முழந்தாளிடும்போது அவர் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்புறம், காணிக்கைத் தட்டு வரும்போது போட்டே ஆக வேண்டும் என்றில்லை.