ஆட்டிசம் ஆராய்ச்சிக்கு வாழ்நாளைக் கொடுப்பது வீணா?

‘ஆட்டிசம், மூளை வளர்ச்சி என்று வருடக்கணக்கில் ஆராய்ச்சி செய்கிறார்கள், குணப்படுத்த மருந்து வரவில்லையே, இதற்குப் போய் வாழ்க்கையைக் கொடுக்கலாமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை யாரோ இந்தத் துறைக்குப் போகிறேன் என்று நிற்பதாக நினைக்கிறேன். தயவுசெய்து தடுக்காதீர்கள்.

என் மகளுக்கு ரெட் சிண்ட்ரோம் என்ற அபூர்வமான மூளை வளர்ச்சிக் கோளாறு. ஒன்றரை வயதில் ‘தாத்தா’, ‘காக்கா’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள், சொற்களை ஒவ்வொன்றாக விட்டாள். முறுக்கைத் தானே எடுத்துக் கடித்த கை எதையும் பிடிக்காமல் போனது. விழித்திருக்கும் நேரமெல்லாம் சோப்பு போட்டுக் கழுவுவது போல இரு கைகளையும் பிசைந்துகொண்டே இருப்பாள், விரல் கணுக்களில் தோல் உரிந்துவிடும். முதலில் ஆட்டிசம் என்றார்கள். சொந்தக்காரர்கள் என் மனைவியைப் பிடித்துக்கொண்டார்கள். கர்ப்பமாக இருந்தபோது வேலைக்குப் போனாளாம், குழந்தை கையில் போனைக் கொடுத்தாளாம். விசேஷ வீடுகளுக்குப் போவதையே அவள் நிறுத்திவிட்டாள்.

அப்புறம் ஒரு டாக்டர் மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரிப்போர்ட்டில் எம்இசிபி2 என்ற மரபணுவில் பிழை என்று வந்தது. அந்தப் பரிசோதனை எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் ஹூடா ஸோக்பி என்ற மருத்துவ விஞ்ஞானியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். பெய்ரூட்டில் பிறந்தவர். மருத்துவம் சேர்ந்த 1975-லேயே லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அமெரிக்கா போய் நாஷ்வில்லில் படிப்பை முடித்தார். ஹூஸ்டனில் குழந்தை நரம்பியல் பயிற்சியில் இருந்தபோது, 1983-ல், கைகளை ஓயாமல் பிசையும் ஒரு சிறுமியைப் பார்த்தார். சில நாளில் இன்னொரு சிறுமி. இதற்கு மரபணுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று தோன்றி, ஆய்வகத்துக்குள் நுழைந்தார். ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வருவதே அபூர்வம் என்பதால், குடும்பத்தினரை ஒப்பிட்டு மரபணுவைத் தேடும் வழக்கமான முறைக்குப் பிடி கிடைக்கவில்லை. நடுவில் ஹாரி ஓர் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து வேறொரு மூளை நோயின் மரபணுவை 1993-ல் கண்டுபிடித்தார், ஆனாலும் இதை விடவில்லை. 1999-ல் அவருடைய குழு எம்இசிபி2-வைப் பிடித்தது. பதினாறு வருடம்.

அந்தப் பதினாறு வருடம் எங்களுக்கு என்ன தந்தது என்று கேட்பீர்கள். இந்தப் பிழை பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. தகப்பனின் விந்தணு உருவாகும்போது தற்செயலாக நேர்வதுதான் அதிகம். என் அம்மாவையும் அத்தையையும் உட்காரவைத்து ரிப்போர்ட்டைக் காட்டினேன். “வந்திருந்தால் அனேகமாக என் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும், இனி அவளை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது” என்றேன். அத்தை எழுந்து போய்விட்டார். அம்மா அன்றைக்கு மருமகளுக்கு அவரே சோறு போட்டார். எந்த மருந்தும் இதைச் செய்திருக்காது.

ரெட்டும் ஆட்டிசமும் ஒன்றல்ல, தெரியும். அமெரிக்க மனநல வகைப்பாட்டில் 1994 முதல் 2013 வரை ஆட்டிசத்தோடு ஒரே தொகுப்பில்தான் வைத்திருந்தார்கள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டரும் இல்லை. ஆனால் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 2007-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஏட்ரியன் பேர்ட் என்ற விஞ்ஞானியின் குழு, நோய் முற்றிய எலிகளில் அந்த மரபணுவை மறுபடி இயங்க வைத்தது, எலிகள் தேறின. 2023-ல் அமெரிக்காவில் ரெட்டுக்கான முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அது அறிகுறிகளைக் குறைக்கும், நோயைத் தீர்க்காது. அதுவும் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத விலை.

எங்களை வதைப்பது விஞ்ஞானிகள் இல்லை. ஐந்து வயதானதும் ஆதாருக்குக் கைரேகை வேண்டும் என்று ஒரு மையத்தில் மகளின் விரல்களைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார்கள். கை ஓரிடத்தில் நிற்காது, அவள் கதறினாள். “பிள்ளையை அடக்கத் தெரியாதா?” என்றார் அங்கிருந்தவர். விரல் வைக்க முடியாதவர்களுக்கு விதிவிலக்கு உண்டு என்று நான்தான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. இதைக் கேட்க ஆளில்லை, ஆராய்ச்சியை மட்டும் வீண் என்கிறார்கள்.

சரி, உங்கள் கவலை வருமானம் என்றால், ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானால் மாதம் 37,000 ரூபாய் வரும். ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது, பெங்களூரில் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம் இருக்கிறது. பிள்ளையை அங்கெல்லாம் விசாரிக்கச் சொல்லுங்கள்.