உப்பு மண்ணில் மணக்கும் செடிகள்: வாசகர் கேள்விகள்

போன மாதம் உவர் நிலத்துச் செடிகளைப் பற்றி நாலு வரி எழுதப்போக, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. 2019-லேயே வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும் சிலர் இன்னும் ‘வட ஆற்காடு’ என்றே எழுதுகிறார்கள். எனக்கும் வாயில் அதுதான் வருகிறது.

மகன் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பக்கம் இருக்கிறான். கடலோரப் புல்வெளியில் மரிக்கொழுந்து மாதிரி மணக்கும் செடி ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினான். விதை கொண்டுவந்தால் நம் உவர்க் கொல்லையில் வருமா? (ஆற்காடு)

படத்தைப் பார்த்தேன். இலை நூல் நூலாகப் பிரிந்து, திருநீறு பூசியதுபோல் வெளுத்திருக்கிறது. ஆர்ட்டிமீசியா மரிட்டிமா என்பார்கள். நம் மரிக்கொழுந்துக்கும் மாசிப்பத்திரிக்கும் பங்காளி. மூக்கு உங்கள் மகனை ஏமாற்றவில்லை. பெரிய ஓதத்தின்போது மட்டும் கடல்நீர் ஏறி வடியும் மேட்டுச் சேற்றில் வளர்வது. அந்தக் குளிரும் ஈரமும் நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு எங்கே? ஆசைப்பட்டுப் பையில் போட்டுக்கொண்டும் வரவேண்டாம். 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைப்படி விதை கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும்.

இன்னொன்று. இந்தக் குடும்பத்துச் செடிகளிலிருந்துதான் சான்டோனின் என்ற குடற்புழு மருந்தை ஒரு காலத்தில் எடுத்தார்கள். அளவு மீறினால் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும். கஷாயம் கிஷாயம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள்.

ஆம்பூர் பக்கம் ஒன்றரை ஏக்கர். தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறு உப்பாகி நெல்லை விட்டுவிட்டோம். வெட்டிவேர் போட்டால் வருமா? வேரை விற்க முடியுமா?

முதல் கேள்விக்கு, வரும். மண்ணின் உப்பை அளக்கும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 8 டெசிசைமன் வரை வெட்டிவேர் பெரிதாகச் சிணுங்காது. 10-இல் பத்தில் ஒரு பங்கு விளைச்சல் குறையும், 20-இல் பாதியாகும். 4-ஐத் தாண்டினாலே உவர் மண் என்று எழுதிவிடுவார்கள் என்றால் இதன் தெம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வேர் பிடிக்கும்வரை, முதல் இரண்டு மூன்று மாதம், மழைக்காலத்தை ஒட்டி நட்டு நல்ல தண்ணீர் காட்ட வேண்டும். உப்புத் தண்ணீரிலேயே நட்டால் தூர் கருகும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு உறுத்துகிறது. தோல் பதனிடக் குரோமியம் என்ற கன உலோகம் போடுகிறார்கள். கழிவு பாய்ந்த மண்ணில் வெட்டிவேர் அந்தக் குரோமியத்தை உறிஞ்சும். உறிஞ்சியதில் மிகச் சிறு பங்குதான் தாளுக்கு ஏறும், மீதியெல்லாம் வேரிலேயே தங்கும். மண்ணைச் சுத்தப்படுத்த இந்தப் புல்லை உலகம் முழுக்க நடுவதே இதற்காகத்தான். நம் ஊரில் அந்த வேரை என்ன செய்கிறோம்? ஒரு பிடி முடிந்து குடிதண்ணீர்ப் பானையில் போடுகிறோம்!

போன கோடையில் சந்தையில் ஒரு கட்டு வாங்கினேன். வாசம் தூக்கியடித்தது. கண்ணாடி டம்ளரில் ஊறப்போட்டதும் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. அது வேரின் சாயமா மண்ணின் சாயமா என்று மூக்கு சொல்லாது. விற்றவரிடம் எங்கே விளைந்தது என்று கேட்டால், “ஆத்தங்கரைதாங்க” என்றார். எந்த ஆற்றங்கரை?

ஆகவே, முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். வழக்கமான மண் அட்டையில் கார அமில நிலை, உப்பு, சத்துகள் இருக்கும்; குரோமியம் இருக்காது. அதைத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள். குரோமியம் இருந்தால் புல்லை வரப்புக்கும் மண் அரிப்புக்கும் வையுங்கள், வேரை விற்காதீர்கள். உங்களுக்கு நட்டம்தான், தெரியும். கெடுத்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்று தோல் கழிவு பற்றிய வேலூர் வழக்கில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கிணறு இன்னும் கரிக்கிறது.

உவர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (குடியாத்தம்)

உவரா, களரா? காய்ந்ததும் வரப்பில் வெள்ளை பூத்தால் உவர். மழை பெய்து மூன்று நாளாகியும் தண்ணீர் இறங்காமல் கலங்கலாக நின்று, மண் சோப்புபோல் வழுக்கினால் களர். ஜிப்சம் களருக்கு. உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். வடிகால் இல்லாவிட்டால் எதைப் போட்டும் காசுதான் கரையும்.

கொல்லை முழுக்கக் கோரை. கிழங்கு மணக்கிறது. குளியல் பொடிக்கு ஆகுமா?

ஆகும். முத்தக்காசு என்று நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான். கழுவி, மேல் நாரைப் பொசுக்கி, வெயிலில் காயவைத்து இடியுங்கள். கழிவுநீர் பாய்ந்த இடமானால் மேலே சொன்னதுதான். வந்தவாசிப் பாய்க்கு ஆகும் கோரை வேறு, அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்புறம், கோரையை ஒழிக்கிறேன் என்று ரோட்டவேட்டர் மட்டும் ஓட்டினால் கிழங்குச் சரம் அறுந்து ஒன்று பத்தாகும்.

ஏரி வற்றிய இடத்தில் ஊதா நிற உருண்டைப் பூ, தண்டில் இறக்கை மாதிரி பட்டை. தொட்டால் கையில் வாசம் ஒட்டுகிறது. என்ன செடி?

கொட்டைக்கரந்தை. அறுப்பு முடிந்த நெல் வயலிலும் தேடுங்கள், கிடைக்கும். பிசுபிசுப்பு சோப்புக்குச் சீக்கிரம் போகாது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக் கழுவுங்கள்.